மேஜர் பக்கத்து வீட்டுக்குப் போன காரணம்

திருவள்ளூர்
18-11-1956

அன்புள்ள மகன் ஜெயராஜுக்கு,

ஆண்டவர் அருளால் சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகள் செல்வியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

எனக்குக் காது மந்தமாகிவிட்டதாம், வீட்டை விற்றுவிட்டுக் கரக்பூருக்கு வந்துவிட வேண்டுமாம். இப்படி எழுதியிருக்கிறாயே, எனக்குக் காது மந்தம் என்று உனக்கு யார் சொன்னது? இப்போதுள்ளவர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். கான்வென்ட்டில் எங்களுக்கு வாயைத் திறந்து பேசக் கற்றுக்கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டு ஹயாத் பாஷா மேல்தான் எனக்குச் சந்தேகம். தோல் வியாபாரமாகக் கல்கத்தா போகிறவர், வழியில் உன்னைப் பார்த்திருப்பார். நம் பின்பக்கத்து இடத்தைக் கிடங்கு கட்டக் கேட்டார், நான் மறுத்தேன் அல்லவா?

அவர் மனைவி கமர் நிஷாவையும் நம்பவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன நாய், மேஜர், இப்போது என்னோடு இருக்கிறது. அது அடிக்கடி அவள் வீட்டுக்கு ஓடும். நாயின் வாய் பட்ட துணியை மண் கரைத்த தண்ணீரும் சேர்த்து ஏழு தடவை அலசுகிற குடும்பம். அவளுக்கு என் நாயிடம் என்ன உறவு? அதன் பின்னாலேயே வந்து, தபால்காரர் நிற்கிறார், பால்காரன் நிற்கிறான் என்று ஏதாவது சொல்வாள். எலும்பு போட்டு நாயை இழுத்துக்கொண்டு வேவு பார்க்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

போன வியாழக்கிழமை நல்ல மழை. முன்னறையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மேஜர் வந்து என் முழங்காலில் மூக்கை வைத்து அழுத்தியது. பின்கட்டுக்கு ஓடியது, திரும்பி வந்து மறுபடி அழுத்தியது. வேளை கெட்ட வேளையில் சாப்பாடு கேட்கிறது என்று எப்போதும்போல் அதட்டி விரட்டினேன். உன்னையும் அப்படித்தானே வளர்த்தேன்.

சற்று நேரத்தில் கமர் நிஷா நனைந்துகொண்டு வந்தாள், முந்தானை நாயின் வாயில். என் காதருகே குனிந்து ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: "இன்னாம்மா, பின்னாடி செவுரு மொத்தமா இடிஞ்சி வுழுந்து கெடக்குது, நீங்க மணி உருட்டிக்கினு கீறீங்க! ஆளு வந்தா இந்த நாயி மொதல்ல உங்களாண்டதான் சொல்லுது. நீங்க வெரட்டுனா என்னை இஸ்துகினு வருது. தொழுவுற பொடவைம்மா இது!"

ஈரச் சுவர், சத்தமில்லாமல் சரிந்திருக்கும் என்றேன். "ஆமா, செவுருகூட வாய்க்குள்ளாறவே பேசுது போல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சோதித்தேன். சொல்லாமல் வந்து ஏதாவது ஒரு கதவைத் தட்டு என்றேன் அவளிடம். மேஜர் மூக்கை வைத்தது. எழுந்து போனேன். நேரே பின்கதவுக்குக் கூட்டிப்போனது. திறந்தால் அவள் நிற்கிறாள். அன்று முதல் அதை விரட்டுவதில்லை.

ஹயாத் பாஷா இந்த வருஷம் கல்கத்தா பக்கமே போகவில்லையாம். பின் யார் சொன்னது? ஈஸ்டருக்கு நீ வந்தபோது, நான் தற்செயலாகக் கதவைத் திறந்தேன். சட்டையெல்லாம் வியர்வையாக நின்றாய். எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டதற்கு, இப்போதுதான் வந்தேன் என்றாய்.

உங்கள் குவார்ட்டர்ஸில் நாய் வைக்கக் கூடாது என்று செல்வி எழுதியிருந்தாள். ஆகவே நான் வருவதற்கில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வா. எந்த நாள், எந்த ரயில் என்று எழுதாதே. கதவைத் தட்டிவிட்டு நில். நான்தான் வந்து திறப்பேன். வீட்டை விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசு.

உன் பயணத்துக்கு ஆண்டவர் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
விக்டோரியா