பேர் விழுந்த முடக்கு

13 அக்டோபர் 1957, ஞாயிறு

பூச்சி, உன் கொப்பியில்தான் எழுதுகிறேன். கோவிச்சுக்காதே. பின்பக்கம் இருபது தாள் வெறுமையாகக் கிடக்கிறது. நீ போய் நாளையோடு ஒரு வருஷம். இதுவரை இதைத் தகரப்பெட்டியில் உன் பாவாடைக்கு அடியில் வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் திறந்தேன். நான் ரெண்டாம் வகுப்போடு நின்றவள். நீ எழுதின ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க அரை நாள் ஆனது.

கடைசிப் பக்கத்தில், 'நம்மைச் சுற்றியுள்ள ஊர்கள்' என்று தலைப்பு. கணேசமூர்த்தி வாத்தியார் எழுதச் சொல்லியிருப்பார். நீ புத்தகத்துப் பேரை எழுதாமல் நம்ம லயத்து வரிசை வீடுகளில் ஆட்கள் வாயில் வருவதை எழுதி வைத்திருக்கிறாய். பொகவந்தலாவைக்குப் 'புகைவந்தலாவை'. காலையில் மலையெல்லாம் புகை மூடின மாதிரி இருக்குமாம். உடப்புசல்லாவைக்கு 'உடுப்புசல்லாவை', குளிருக்கு இருக்கிற உடுப்பை எல்லாம் போடவேண்டும் என்று. 'பூண்டுலோயா, பேர்தான் பூண்டு, மாமா போய் பார்த்தார், ஒரு பூண்டும் இல்லை.' பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் 'பாதிச்சோரு'. அங்கே அரிசி பாதிதான் போட்டார்கள். அதையும் எழுதியிருக்கிறாய்.

வாத்தியார் எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பெரிய ற வரவேண்டிய இடத்தில் எல்லாம் நீ சின்ன ர போட்டிருக்கிறாய் என்று அதற்கும் வட்டம் வட்டமாகச் சுழித்திருக்கிறார். 'போரோம்.' 'வாரோம்.' 'சோரு.' எனக்கும் எது எங்கே வரும் என்று சரியாகத் தெரியாது. உன்னைச் சொல்ல என்ன இருக்கிறது.

எட்டு ஊர் முடிந்து ஒன்பதாவது வரி. '9. எங்கள் லயத்துக்கு கீழே பஸ் ரோட்டு முடக்கு. இதுக்கு பேர் இல்லை. அதனால் நானே ஒரு பேர் வைக்கிரேன். அது'

அதோடு நிற்கிறது. மணி அடித்திருக்கும். மறுநாள் உனக்குக் காய்ச்சல்.

14 அக்டோபர்

வேலைக்குப் போகவில்லை. ஞாயிறு தோறும் போகிற மாதிரி, ரோடு வளைகிற அந்த முடக்குக்குப் போய் ஓரத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் இதே நேரம், காலை ஏழரை மணி இருக்கும். உன்னைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். உன் அப்பா ரோட்டோரத்தில் நின்று கையைக் காட்டினார். பஸ் நிற்கவில்லை. ஓட்டமாகவே கண்டக்டர் தலையை நீட்டி, இங்கே ஹோல்ட் இல்லை, பஸ் நிற்காது, ரெண்டு மைல் கீழே போய் ஏறு என்றான். அடுத்த பஸ் வருவதற்குள் நீ - என் மடியிலேயே.

இன்றைக்கும் ஏழரை பஸ் போனது. நின்று பார்த்தேன்.

20 அக்டோபர், ஞாயிறு

நாளை மறுநாள் தீபாவளி. எனக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை, கடைவீதிக்குக் கூட்டிப்போனார். மர்சூக் நானா கடையில் ஒரு சேலை எடுத்தோம். துணியை மடித்துக்கொண்டே எந்தப் பக்கம் என்று கேட்டார். தோட்டத்துப் பேரைச் சொன்னேன்.

"ஓ, அந்த அழுவாச்சி முடக்குப் பக்கமா தங்கச்சி?" என்றார்.

நான் அந்தப் பேரைக் கேட்டதே இல்லை. ஏன் அப்படிப் பேர் என்று கேட்டேன். "ஏன்டு தெரியா. எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க" என்றார்.

பாறையில் எந்நேரமும் தண்ணீர் கசிகிறதே, பாறை அழுகிறது என்று வைத்திருப்பார்கள், நல்ல பேர்தான் என்று நினைத்தேன். உனக்குச் சொல்லவேண்டும் என்றுகூட நினைத்தேன், உன் ஒன்பதாவது வரிக்கு. வழியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் துணிப் பொட்டலத்தை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கல்ல இல்ல மீனா. ஒன்னயத்தேன்."

21 அக்டோபர்

எம்புட்டு நாளா சொல்றாங்க? யாரு யாரு சொல்றாங்க? நான் கேட்டா மட்டும் வாயப் பொத்திக்கிட்டு... பெத்தவ அழாம வேற யாரு அழுவா? நான் அழுததுக்கு ஒரு பேரா? ரோட்டுல போற வார்றவனுக்கெல்லாம் வழி சொல்றதுக்கா நான் அழுதேன்?

இனிமேல் அங்கே போகமாட்டேன்.

27 அக்டோபர், ஞாயிறு

போகவில்லை.

10 நவம்பர், ஞாயிறு

மூன்று வாரமாக யாரோடும் பேச்சு இல்லை. மலையில் என் நிரையில் நான் பாட்டுக்குக் கொழுந்து எடுப்பேன், தராசில் நிறுத்துவிட்டு வந்துவிடுவேன். இன்றைக்கு அடுத்த காம்பிராவில், பக்கத்து அறையில் இருக்கிற ராக்காயி தேங்காய் துருவிக்கொண்டு வந்து என் வாசலில் உட்கார்ந்தாள். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.

"நாந்தேன் மொதல்ல சொன்னேன்" என்றாள். "எங்கண்ணன் பசறையில இருந்து வந்தப்ப, ரோட்டுல இருந்து எங்க மலையேறணும்னு கேட்டாரு. மீனம்மா ஒக்காந்து அழுவுற முடக்குல ஏறுண்ணேன்னு சொன்னேன். அம்புட்டுதேன். ஒட்டிக்கிச்சு."

தேங்காய்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"கெட்ட மனசோட சொல்லல புள்ள. வேணும்னா அடி. ஆனா நான் வச்ச பேருன்னு மட்டும் சொல்லாத. பேர நாம வைக்கிறோமா? அது பாட்டுக்கு வந்து விழுவுது."

அவளை அடிக்கவில்லை. துருவின தேங்காயில் பாதியை வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு உன் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பாதிச்சோற்றுத் தோட்டத்தில் இப்போது முழு அரிசிதான் போடுகிறார்கள், நாலு வருஷம் ஆகிறது. பேர் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தத் தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால் இன்னும், அரை வயிற்றுக்காரி வந்துவிட்டாள் என்றுதான் கேலி.

அப்படியென்றால் நான் நாளைக்கு அழாமல் இருந்தாலும் அது அழுவாச்சி முடக்குதானா?

1 டிசம்பர்

மழை. மழை. மழை.

19 டிசம்பர், வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

விடியும்போதே ராக்காயி கதவைத் தட்டினாள். அவள் மகள் அழகம்மாவுக்கு வலி. எட்டு மாதம்தான். மருந்துக்காரையா வந்து பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார். தோட்டத்து லொறி வரமுடியாது, மேல் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது. கம்பளியில் தூளி கட்டி அப்பாவும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். நான் பின்னால் போனேன். எங்கே போகிறோம் என்று பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. ரெண்டு மாதமாக நான் கால் வைக்காத இடம்.

அழகம்மாவை அதே பாறையில் சாய்த்தார்கள்.

பஸ் சத்தம் கேட்டது. அப்பா ரோட்டோரத்துக்குப் போய்க் கையைத் தூக்கினார். அதே கை, அதே மாதிரி. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை பூச்சி. இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து ரெண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டு நடுவில் போய் நின்றுவிட்டேன். முடக்கு திரும்பினால்தான் டிரைவருக்கு ஆள் தெரியும். பின்னால் ராக்காயி கத்துகிறாள். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

பஸ் என்னிடம் இருந்து ஒரு முழத்தில் நின்றது. மூக்கில் இஞ்சின் சூடு அடித்தது.

கண்டக்டர் குதித்து ஓடிவந்தான். சிங்களப் பையன், புதுசு. "பிஸ்ஸுத?" என்று கத்தினான், பைத்தியமா என்று. எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் மறந்துபோனது. பாறைப் பக்கம் கையை மட்டும் காட்டினேன். அவன் பார்த்தான். முன் சீட்டில் இருந்த ஆட்களை எழுப்பிவிட்டு, அழகம்மாவின் கால் பக்கத்தை அவனே பிடித்து ஏற்றினான்.

பஸ் போன பிறகு நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து படங்கை எடுத்துத் தட்டி என் இடுப்பில் கட்டிவிட்டார். அழுதேனா என்று நினைவில்லை.

22 டிசம்பர், ஞாயிறு

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். ராக்காயி நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நீ பிறந்தபோது இருந்தாயே, அதே மாதிரி ஒரு சாண்தான் இருக்கிறதாம்.

1 ஜனவரி 1958

இன்றையில் இருந்து பஸ் எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். அதே பஸ், அதே டிரைவர். ஏறும்போது முழங்காலில் இடிக்கிற அதே கம்பியும் இருக்கிறதாம்.

12 ஜனவரி, ஞாயிறு

சங்கத் தலைவர் செல்லசாமி அண்ணன் லயம் லயமாக வந்தார். அரசாங்க பஸ் என்பதால் ஹோல்ட் கேட்டு எழுதிப்போட்டாராம். ஒரு ஐயா நேரில் வந்து இடத்தைப் பார்த்து, பேரைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவாராம். அந்த ஐயாவிடம் கொடுக்க ஒரு மனுவில் எல்லோரும் பெருவிரல் வைத்தார்கள். நான் கையெழுத்தே போட்டேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ஒரு நினைப்பு வந்து கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. என்ன பேர் எழுதுவார்கள்? வாயில் இருக்கிற வரைக்கும் அது வாய்ப்பேச்சு. அரசாங்கப் புத்தகத்தில் ஏறிவிட்டால்? அழகம்மாவின் பேத்தி காலத்திலும் டிக்கெட் கேட்பார்கள், அழுவாச்சி முடக்குக்கு ஒன்று என்று.

பேரை மாற்றுங்கள் என்று செல்லசாமி அண்ணனிடம் போய்க் கேட்கலாம். என்னவென்று கேட்பேன்? எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றா? உன்னை நினைத்து அழுததற்கு எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு அது ஒன்றுதான் பேரா?

15 ஜனவரி

கேட்கவில்லை. அப்பா, நான் கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

23 ஜனவரி, வியாழன்

ஐயா வந்தார். தொப்பி, தோல் பை, பெரிய புத்தகம். ஏழரை பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். அரை பெரட்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு நாங்கள் இருபது பேர் நின்றோம். அவர் ரோட்டைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, இந்த இடத்துக்கு என்ன பேர் என்று சிங்களத்தில் கேட்டார்.

ராக்காயி தரையைப் பார்த்தாள். செல்லசாமி அண்ணன் தொண்டையைச் செருமினார். எல்லோருக்கும் பேர் தெரியும், என் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், அவர்கள் என்னைக் கேலி செய்யவில்லை என்று. நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் பஸ் படியில் தொங்கிக்கொண்டு இருந்த அந்தக் கண்டக்டர் பையன் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னான். "மறிச்ச முடக்கு, மாத்தயா."

ஐயா திரும்பிப் பார்த்தார். அவன் என்னைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கினான். இந்த நோனா பஸ்ஸை மறித்த முடக்கு. டிரைவர்மார் எல்லோரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த இடம் வந்தால் ஹாரன் அடித்து மெதுவாகத் திரும்புவார்கள், அந்த அம்மா நிற்கும் என்று.

ராக்காயிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். நானும்.

ஐயா எழுதிக்கொண்டார்.

யாரும் வைக்கவில்லை பூச்சி. அது பாட்டுக்கு வந்து விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல், பஸ்ஸுக்குள்ளே.

2 பெப்ரவரி, ஞாயிறு

ராக்காயி கடைவீதியில் எல்லாக் கதையையும் அவிழ்த்துவிட்டிருக்கிறாள். மர்சூக் நானா ஒரு தகரத்தில் நீலப் பெயின்டால் தமிழில் பேர் எழுதி, அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அரசாங்கத்துப் பலகை சிங்களத்தில் வருமாம், அதற்குக் கீழே இது இருக்கட்டும் என்றார். "அண்டைக்குத் தெரியாமச் சொல்லிட்டேன் தங்கச்சி. மனசுல வச்சிக்காதீங்க." தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போதாது என்று ரெண்டாவது கரண்டியும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்.

அப்பா மரத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

9 பெப்ரவரி, ஞாயிறு

கணேசமூர்த்தி வாத்தியார் வேகமாக வந்தார். தகரத்தில் எழுத்துப் பிழையாம். பெரிய ற போடாமல் சின்ன ர போட்டு 'மரிச்ச முடக்கு' என்று இருக்கிறதாம். "அப்படி எழுதினா 'செத்துப்போன முடக்கு'ன்னு ஆயிரும் மீனம்மா. நான் பெயின்ட் வாங்கிட்டு வந்து மாத்திர்றேன்" என்றார்.

அவரோடு இறங்கிப் போனேன். தகரத்துக்கு முன்னால் நின்று எழுத்தெழுத்தாக வாசித்தேன். உன்னுடைய ர. போரோம், வாரோம், சோரு - அந்த ர.

மறித்ததும் இந்த இடம்தான். நீ போனதும் இந்த இடம்தான். வாயால் சொன்னால் ரெண்டும் ஒரே சத்தம்தான்.

"விட்டுருங்க வாத்தியாரே" என்றேன். "யாரும் எழுத்தப் பாத்து எறங்கப் போறதில்ல."

அவருக்கு உன் கொப்பி நினைவு வந்திருக்கும். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

16 பெப்ரவரி, ஞாயிறு

முதல்முறையாக நம்ம முடக்கிலேயே பஸ் ஏறினேன். அழகம்மாவும் ராக்காயியும் நானும், பிள்ளையை டவுனில் காட்டிக்கொண்டு வர. பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. லயமே அதை 'பஸ்ஸு' என்றுதான் கூப்பிடுகிறது. இதுவும் ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று அழகம்மாவுக்குப் பயம். வரும்போது என் மடியில்தான் தூங்கியது. கனமே இல்லை.

கீழே பாலம் தாண்டினதும் மணி அடித்தது. "மறிச்ச முடக்கு, பஹின்ன!" என்று, இறங்கச் சொல்லி அந்தக் கண்டக்டர் பையன் கத்தினான். பஸ் அலுங்காமல் நின்றது. பிள்ளை விழிக்கவில்லை.

பாறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தண்ணீர் கசிந்துகொண்டுதான் இருந்தது.

உன் ஒன்பதாவது வரியில் நான் எதுவும் எழுதவில்லை. எங்கள் பேர் தகரத்தில் இருக்கிறது, அது போதும். அந்த வரி உனக்குத்தான். அன்றைக்கு மணி மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால், என்ன பேர் எழுதியிருப்பாய், பூச்சி?