பெரிய வியாழன் தண்ணீர்

சின்னமலை, சென்னை
24-4-1973

அன்புத் தம்பி மரியசெல்வத்துக்கு,

தேவமாதா உனக்குத் துணையிருக்க வேண்டி, அண்ணி தேசம்மா எழுதிக்கொள்வது. பஹ்ரைனில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். உன் அண்ணனுக்குக் காலில் புண். எழுந்து தபாலாபீஸ் போக முடியாததால் இந்தத் தடவை நான் எழுதுகிறேன். பயப்படாதே, ஆறிக்கொண்டு வருகிறது. எனக்குத்தான் வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

நம் கிணற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையடியில் உன் பாட்டன் பூட்டன் வெட்டியது. பட்டணமே குழாயடியில் குடத்தோடு சண்டை போட்ட கோடையிலும் நம் தெருவுக்கே தண்ணீர் கொடுத்தது. இப்போது கொல்லைக்குப் பின்னால் லூர்துசாமி முலாம் பூசும் பட்டறை போட்டிருக்கிறான். சைக்கிள் சாமான்களெல்லாம் அங்கே பளபளக்கின்றன. கழிவை ஒரு பள்ளத்தில் விடுகிறான். பொங்கலுக்கு அப்புறம் நம் தண்ணீர் மஞ்சளித்துவிட்டது, சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. அண்ணன் போய்க் கேட்டதற்கு, மலையடிவாரத் தண்ணீரில் இரும்பு இருக்கத்தான் செய்யும் என்று நமக்கே நம் மலையைப் பற்றிப் பாடம் நடத்தினான்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவ நம் கிணற்றுத் தண்ணீர்தான் கோவிலுக்குப் போகும். முந்தின நாளே இறைத்து, வெள்ளைத் துணி கட்டி, யாரும் கைபடாமல் கொண்டுபோவோம். இந்த வருஷம் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். குடிக்கவா போகிறார்கள், கால்தானே என்று பெரியவர்கள் என் வாயை அடைத்துவிட்டார்கள்.

இயேசுவின் சீடர்களாகப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். பதினோரு பேர் ஆற்றில் வலை போடுகிறவர்களும் கல் சுமக்கிறவர்களும், உன் அண்ணன் உட்பட. பன்னிரண்டாவது ஆள் லூர்துசாமி. கோவிலுக்கு மின்விசிறி வாங்கித் தந்ததற்கு அந்த மரியாதை! சாமியார் ஊற்ற ஊற்ற, பதினோரு பேர் கண்ணிலும் நீர் வழிந்தது. பக்தி என்று நினைத்துப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். பித்தவெடிப்பில் இறங்கிய தண்ணீர் அவர்களுக்கு நெருப்பாக எரிந்திருக்கிறது. காலை இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று வீட்டில் உன் அண்ணனிடம் கேட்டேன். "பூசையில குந்திக்கினு எரியுதுன்னு எப்டி சொல்றது, தேசம்மா?" என்றார். லூர்துசாமிக்கு பூட்ஸுக்குள் வளர்ந்த பாதம், ஒரு கீறல் கிடையாது. குளுகுளுவென்று இருந்ததாகக் கோவில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னான். அவன் சட்டையைப் பிடிக்காமல் வந்ததை நினைத்து இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் பட்டறைக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. கிணறுதான் கெட்டுவிட்டதே, மனையோடு தனக்கே விற்றுவிடலாமே என்றான். அவன் பள்ளம் நிரம்பிவிட்டதாம். இனி கழிவை விடுவதற்கு நம் கிணறு வேண்டுமாம்! அப்புறம் இந்தத் தெருவில் எந்தக் கிணறு பிழைக்கும்? பாதிப் பங்கு உன் பேரில் இருப்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு எழுதிக் கேட்டதாகவும், நீ சம்மதித்துவிட்டதாகவும் சொன்னான்.

என் கொழுந்தனை எனக்குத் தெரியும், அவன் சொல்வது பொய் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். உன் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. அவர் காலில் கட்டோடு உட்கார்ந்து, தம்பி வரட்டும், இரண்டு பேருமாகக் கேஸ் போடுவோம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாதா உன் கையைக் காக்கட்டும். பொய் சொன்னது லூர்துசாமிதான் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு, தம்பி.

ஆசீர்வாதத்துடன்,
அண்ணி தேசம்மா