பொட்டு வைத்த ஃபிளாப்பி

அக். 21, 1988. வெள்ளி
காலையிலிருந்து தூறல். கருவடிக்குப்பத்தில் பஸ் நிற்கவில்லை, நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு. ஆயுத பூசை லீவு முடிந்து முதல் நாள்.

எங்கள் ரத்த வங்கிக் கம்ப்யூட்டரில், ரத்ததானம் செய்பவர்கள் பட்டியல் இருக்கும் ஃபிளாப்பி திறக்கவில்லை. நகல் ஃபிளாப்பியும் அப்படியே. ஆயிரத்துச் சொச்சம் பெயர், எல்லாம் நான் தட்டியது. பெயர்கள் எழுதியிருந்த பழைய அட்டைகள்? போன மாதமே பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. இனி எதற்கு என்று சொன்னதும் நான்தான்.

பிரசவ வார்டில் ஒரு பெண். ஓ நெகட்டிவ். திங்கட்கிழமை ஆபரேஷன். அந்த வகை ரத்தம் ஒரு பாட்டில்கூட இல்லை. புருஷன் தேங்காய்த்திட்டில் படகுக்குப் போகிறவர். எங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"அந்தப் பொட்டிக்குள்ளதான் எல்லாப் பேரும் இருக்காமே. சீக்கிரம் தொறங்கம்மா."

அக். 22, சனி
மெட்ராஸிலிருந்து இன்ஜினியர். ஃபிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உறைக்குள் தட்டு தெரிகிற சின்னத் திறப்பில் சிவப்பு.

"யாருங்க இதுக்குப் பொட்டு வச்சது?"

பூசை போட்டது அட்டெண்டர் மாரியண்ணன். டாக்டரம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். "மிஷின் பக்கம் போவாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!" அவர் தலை குனிந்து நின்றார்.

மிஷினுக்கு வைத்தது அவர். ஃபிளாப்பிக்கு வைத்தது நான். இரண்டுக்கும். அந்த இடத்தைத் தொடக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள்தான். பொட்டு வைப்பதும் தொடுவதுதான் என்று தோன்றவில்லையே.

வாயைத் திறக்கவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம். ச்சீ, நானும் ஒரு மனுஷியா.

அக். 23, ஞாயிறு
லீவு இல்லை. இன்ஜினியர் நகலின் உறையை பிளேடால் கிழித்து, தட்டை உருவி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, புது உறையில் போட்டார். படிக்கவில்லை. கறை போகவில்லையே என்று தேய்த்ததில் கீறலும் விழுந்துவிட்டது. மிச்சம் அசல் ஒன்றுதான்.

"வெறும் தண்ணியில போகல. குங்குமத்துல என்ன கலந்தீங்க? தெரியாம இத நான் தொட மாட்டேன்."

"சந்தனந்தாங்க சார். வேற ஒண்ணுமில்ல," என்றார் மாரியண்ணன். பாவம், அவர் சொன்னது மிஷினுக்கு வைத்ததை. ஃபிளாப்பியில் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்.

"நல்லெண்ணெய்," என்றேன். "நான்தான் சார் வச்சேன். காஞ்சா உதுந்துடும்னு எண்ணெயில கொழச்சேன்."

மாரியண்ணன்தான் சொன்னார், "இத நேத்தே சொல்லியிருக்கலாமே பாப்பா."

சோப்புத் தண்ணீர், மூன்று முறை. பிறகு நல்ல தண்ணீர். ஃபேனுக்கு அடியில் உலர்த்தல். மூன்றே காலுக்குத் திறந்தது! கடைசிப் பெயர்கள் கந்தல். ஓ நெகட்டிவ் நான்கு பேர், விலாசத்தோடு. உடனே ஜீப் போனது.

அக். 24, திங்கள்
நான்கில் இரண்டு பேர் வந்து கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்தது. பெண் குழந்தை. தாய் பிழைத்துக்கொண்டாள். டாக்டரம்மா நடந்ததையெல்லாம் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். வேலை என்ன ஆகுமோ. மாரியண்ணன் முகம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் அந்தப் புருஷன். பை நிறைய வஞ்சிர மீன்.

"நீங்கதாம்மா என் வூட்டுக்காரியக் காப்பாத்தினீங்க."

பேசாமல் வாங்கியிருக்கலாம். முடியவில்லை. பட்டியலைக் கெடுத்ததே நான்தான் என்று சொன்னேன், பொட்டு வைத்தது, சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம்.

பையை மேசைமேல் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் வார்டுக்குப் போய்விட்டார்.