நகர்ந்த முகடு

இன்று காலை ஒரு மாணவி வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தாள். குழாயில் ஓடும் காற்று எழுப்பும் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டிருந்தாள். நடுவே ஊசிபோல ஒரு முகடு. பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

அப்போது திருப்பதியில் நம் இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே மேசை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் விசிலடிக்கிறது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. சுற்றியுள்ள காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று கணக்குப் போட்டோம். நானே ஓரம் வகுத்துப் போட்ட கணக்கில், விசிலைக் காட்டும் அழகான முகடு கிடைத்தது. நீ மட்டும் நம்பவில்லை.

"அது ஃபேன் சத்தம் இல்லடா. அலை வெளிய போவாம, நம்ம கட்டத்தோட ஓரத்துல மோதித் திரும்பி வந்துக்கினு இருக்குது. ஓரத்த இன்னும் தள்ளி வச்சுப் பாரு, முகடு நகரும். நெஜ சத்தம்னா நகராது."

தள்ளி வைத்துப் பார்த்தேன். நகர்ந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சித்தூர் கருத்தரங்குக்கு இரண்டே நாள்தான் இருந்தது. பழைய படத்தையே காட்டினேன். அங்கே ஒருவர் உன் சந்தேகத்தையே கேட்டார். "ஓரத்தை அமைத்தது என் நண்பர்" என்றேன். மூன்றாம் வரிசையில் இருந்த உன்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ எழுந்து, "ஆமா சார், சரி பண்ணிடுறேன்" என்றாய்.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்ததும், "துன்னியாடா?" என்று மட்டும் கேட்டாய்.

அந்த வருஷமே ஆய்வை விட்டுவிட்டு, காளஹஸ்தியில் ஒரு கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனாய். போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனாய். நகரியில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள கணக்குல இன்னாவோ தப்பு பண்ணி உனக்குக் கெட்ட பேராயிடுச்சாமே. மனசுல வச்சுக்காதப்பா."

வீட்டில்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று அந்தப் படத்தைப் பார்த்தபிறகு உட்கார முடியவில்லை. ரயிலேறி நகரிக்குப் போய் உன் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ தப்பு பண்ணது அவன் இல்லியா?"

"இல்லீங்க. நான்தான்."

கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "அவன் இருக்கசொல்லோ வந்து இதச் சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார்.

பிறகு எழுந்து தறிக்குத் திரும்பினார். அவர் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் இதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.