திண்டிவனத்துக்குக் குடிவர மறுத்து எழுதியது

விழுப்புரம்
5-6-2025

அன்புள்ள மகள் கலைப்பிரியாவுக்கு,

இக்கடிதத்தில் எழுதப்போவது:

1. நான் திண்டிவனத்துக்குக் குடிவர முடியாது.
2. படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சவரம் செய்வதை விடமாட்டேன்.
3. அந்த வேலையால் என் ரத்தக் கொதிப்பு இறங்கிவிட்டது.
4. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

போனில் நீ குரலை உயர்த்தினால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை 'சரி, வந்துவிடுகிறேன்' என்றதும் அப்படித்தான். அதனால்தான் எழுத்தில். நீயும் தயவுசெய்து எழுதியே பதில் சொல்.

செவ்வாய், வெள்ளி காலைகளில் நர்ஸ் அமலா சிஸ்டரோடு தன்னார்வலர்கள் மூன்று பேர் கோலியனூர் பக்கம் வீடு வீடாகப் போகிறோம். சிஸ்டர் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். மற்ற இருவரும் குளிப்பாட்டுவார்கள். நான் நகம் வெட்டி, முகம் மழிப்பேன். நில அளவை ஆபீசில் முப்பது வருஷம் வரைபடம் போட்ட கை. இருந்தும் முதல் நாளே தவறியது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுத்திருக்கும் சின்னக்கண்ணு என்பவரின் தாடையில் கீறிவிட்டேன். "இன்னா சார், என் தாடையில எல்லைக்கல்லு நட்டுக்கினு இருக்கீங்க?" என்றார். உன் அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். முன்பெல்லாம் மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டுப் பால்காரரைக் கூப்பிட்டால் குரலே எழும்பாது. ஏப்ரலில் நூற்று அறுபது இருந்த கொதிப்பு போன மாதம் நூற்று முப்பது. எனவே டாக்டர் ஏப்ரலில் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பத்து நாளாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

'நம்ம ஜனங்க செய்யற வேலையா அது?' என்று உன் மாமியார் கேட்டாராம். நான் செய்கிறேன், ஆகவே நம் ஜனங்கள் செய்கிற வேலைதான் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா
சுப்பராயலு

*

திண்டிவனம்
10-6-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கல்யாணம் ஆனதிலிருந்து நான் எழுதற முதல் கடிதம் இது. கோபத்துலதான் எழுதறேன்.

மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? டாக்டரையா, சின்னக்கண்ணையா?

"உங்கப்பா கோலியனூர்ல சலூன் வெச்சிக்கினாராமே, நம்ம சீனுவாசனுக்கும் ஒரு தபா வெட்டிவிடச் சொல்லு"ன்னு அத்தை சிரிக்கிறாங்க. தன் பேரைக் கேட்டதும் உங்க மாப்பிள்ளை எழுந்து போயிடறார். அதைக்கூடப் பொறுத்துக்குவேன்.

இதைப் பொறுக்க முடியலை. அம்மா ஏழு மாசம் படுத்துக் கிடந்தாங்க. நீங்க அந்த ரூம் வாசப்படியைத் தாண்டலை. மருந்து பேரு, நேரம் எல்லாம் அழகா எழுதி ஒட்டினீங்க. ஒரு நாளாவது அம்மாவுக்குத் தலை வாரிவிட்டீங்களா? யாரோ ஒருத்தருக்குப் பக்கத்துல உக்காந்து மழிக்கிறீங்க.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கினு வர்றோம். பெட்டியைக் கட்டி வையுங்க.

உங்கள் மகள்,
கலை

*

விழுப்புரம்
14-6-2025

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அம்மாவைப் பற்றி நீ எழுதியது உண்மை. தொட்டால் வலிக்குமோ, தப்பாகத் தூக்கிவிடுவேனோ என்று பயந்தேன். ஏழு மாதமும் பயந்தேன். தலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்த பிறகுதான் முகத்தைத் திருப்ப வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அவளுக்கு அது கிடைக்கவில்லை. அதற்காக மற்றவர்களுக்கும் செய்யாமல் இருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். மல்லாட்டையைத் தோலோடு அவித்து வைக்கிறேன். பெட்டி கட்ட மாட்டேன். நீ கையைப் பிடித்து இழுத்தாலும் காரில் ஏற மாட்டேன். இதை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிட்டேன். உன் மாமியாரையும் அழைத்து வா. அவர் கேட்பதை என்னிடமே கேட்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நேற்று சின்னக்கண்ணு வீட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அமலா சிஸ்டர் கொதிப்பைப் பார்த்தார்: நூற்று எழுபத்தெட்டு. "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு சார்?" என்று எல்லார் முன்னாலும் திட்டினார். படுத்தபடியே சின்னக்கண்ணு, "திட்டாதம்மா, பாயைப் போடு. எம்பக்கத்துலயே படுத்துக்கட்டும், சாருக்கு நான் மழிச்சி விடறேன்" என்றார்.

தூக்கமும் சிரிப்பும் அந்த வீடுகளில் எனக்குக் கிடைத்தவை. கொதிப்பை இறக்கியது மாத்திரை. நேற்றே மறுபடி போட்டுக்கொண்டேன். முதல் கடிதப் பட்டியலில் மற்ற மூன்றிலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதாக இல்லை. மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

அப்பா