ஈயமேட்டில் தண்ணீர் தெளித்தது குறித்து

அனுப்புநர்:
இத்தோ ஊபாஹா,
தலைவி, பெண்கள் கம்பளிக் கூட்டுறவுச் சங்கம்,
இக்ரம் ஆல்தூன் கிராமம்,
மேல் மொலூயா, மொரோக்கோ.

பெறுநர்:
மாண்புமிகு மாகாண ஆளுநர் அவர்கள்,
ஆளுநர் அலுவலகம், தாமஸீர்த்.

பொருள்: மூடப்பட்ட ஈயச் சுரங்கத்தின் கழிவு மேடு – சிற்றூர் நிலச் சீரமைப்புத் திட்டத்தில் மீண்டும் சேர்த்து மறு ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேட்டைச் சுற்றி வீடு கட்டவும் விற்கவும் தடை விதித்த தங்கள் அலுவலக அறிவிப்பு.
2. எங்கள் ஊரைத் திட்டத்திலிருந்து நீக்கிய, சென்ற அக்டோபர் மாத ஆய்வறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீதும் தங்கள் குடும்பத்தார் மீதும் அமைதி நிலவட்டும்.

1. சுரங்கக் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு போய் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அது விட்டுச்சென்ற சாம்பல் நிற மண்மேடு எங்கள் வீடுகளுக்கு மேற்கே இருநூறு அடி தூரத்தில் நிற்கிறது. காற்றடித்தால் அந்த மண் கிளம்பி வந்து பிசைந்த மாவிலும் பிள்ளைகளின் படுக்கையிலும் இறங்குகிறது. அதில் ஈயம் இருக்கிறது என்று முதலில் சொன்னது நாங்கள் அல்ல, தங்கள் அலுவலகம்தான் (பார்வை 1).

2. என் மகள் தூதாவுக்கு ஆறு வயது. இரண்டு முறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் முறை ஈயம் கூடியிருந்தது. "முதல்ல வீட்ட மாத்துங்கம்மா, மருந்தெல்லாம் அப்புறம்" என்றார் மருத்துவர். தடை போட்ட வீட்டை யார் வாங்குவார்கள்? இதை விற்காமல் வேறு வீட்டுக்கு எதைக் கொண்டு போவது? மேற்குச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, பகலிலும் விளக்கேற்றி வாழ்கிறோம்.

3. மேட்டைக் களிமண்ணால் மூடி, உப்புச்செடி நட்டு வேர்பிடிக்க வைத்து, மேலே சூரிய மின்தகடுகள் நிறுத்திக் குடிநீர் மோட்டாரை ஓட்டலாம் என்று சங்கத்துப் பெண்கள் திட்டம் எழுதிக் கொடுத்தோம். ஊர் வழக்கப்படி வீட்டுக்கு ஒருவர் கூலியின்றி வந்து, கழுதை முதுகில் மண் சுமந்து, ஒரு மூலையை மட்டும் மூடிச் செடியும் நட்டோம். மீதி எங்கள் கைகளுக்கு அடங்காது, இயந்திரம் வேண்டும். தாங்கள் மனமிரங்கி எங்கள் ஊரைத் திட்டத்தில் சேர்த்தீர்கள். ஆய்வுக்குழு வரும் என்று கடிதம் வந்தது.

4. இனி எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். விருந்தாளி வரும் பாதையில் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். "வந்தவங்க தொண்டையில நம்ம ஊர் மண்ணு போனா அசிங்கம்டி, இத்தோ" என்றாள் பக்கத்து வீட்டு ஹத்தா. எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. ஆய்வுக்குழு வந்த நாளன்று விடியலிலிருந்து ஆற்றுத் தண்ணீரைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி வந்து, பாதையில் தொடங்கி மேடு முழுவதையும் நனைத்தோம். செடி நட்ட மூலையில் கம்பளம் விரித்து, குழுவினருக்குப் புதினாத் தேநீரும் ஆட்டுக்கறியும் பரிமாறினோம். குழுவில் வந்த பொறியாளர் ஐயா இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். "இவ்ளோ குளுமையா இருக்கே! இதையாம்மா விஷம்னு சொல்றீங்க?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

5. பார்வை 2 கூறுவது: "தூசி காணப்படவில்லை. தாவரங்கள் செழிப்பாக உள்ளன. பொதுமக்கள் இவ்விடத்தில் அமர்ந்து உணவு உண்கின்றனர். சீரமைப்பு தேவையில்லை." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரு பிடி மண்ணைக்கூட அவர்கள் சோதனைக்கு எடுத்துச் செல்லவும் இல்லை.

6. நிலம் சுத்தம் என்றால் தடையை நீக்குங்கள் என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். ஈயம் உள்ள இடம், நீக்க முடியாது என்றார்கள். ஈயம் உள்ள இடம் என்றால் சுத்தம் செய்யுங்கள் என்றேன். சுத்தமான இடம் என்று அறிக்கை இருக்கிறதே என்றார்கள். மேல்முறையீட்டுக்கு நில உரிமையாளரின் கையொப்பம் வேண்டுமாம். உரிமையாளர் அந்தக் கம்பெனி, அது கலைக்கப்பட்டுவிட்டது. எழுத்தர் நல்ல மனிதர். "ரெண்டு காகிதமும் சரிதாம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று என்னையே கேட்டார். ஐயா, அந்த இரண்டு சரியான காகிதங்களுக்கு நடுவில்தான் என் மகள் மூச்சுவிடுகிறாள்.

7. ஆகவே, உரிமையாளர் கையொப்பத்துக்குப் பதிலாக ஊரார் கையொப்பங்களை ஏற்று, மண்ணை எடுத்துச் சோதித்து, எங்கள் ஊரைத் திட்டத்தில் மீண்டும் சேர்க்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மேல்காற்று அடிக்கும் மார்ச் மாதத்தில், பிற்பகலில், தாங்களே நேரில் வர வேண்டும். வரும் நாளை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். தெரிந்தால் எங்கள் கை தானாகக் குடத்தைத் தேடும்.

தண்ணீர் தெளிக்க மாட்டோம், கம்பளம் விரிக்க மாட்டோம், தேநீரும் தர மாட்டோம். இப்படி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, மன்னியுங்கள். என் வீட்டு வாசலில் தூதாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிறகு, தங்கள் சட்டைக் கைமடிப்பில் படிந்த மண்ணைத் தட்டிவிடாமல் அப்படியே சோதனைக்கு அனுப்புங்கள்.

இடம்: இக்ரம் ஆல்தூன்
நாள்: பிப்ரவரி 11

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) இத்தோ ஊபாஹா

இணைப்பு: தூதாவின் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் இரண்டு, ஊரார் கையொப்பங்களும் கைநாட்டுகளும் எழுபத்து மூன்று.