அவர் மொழிபெயர்த்துச் சொன்ன படம்

9 யூன் 2024, ஞாயிறு

சோளகக் காற்று. இன்றைக்கும் லோஞ்ச் படகு ஓடவில்லை. கொழும்பிலிருந்து வந்த உல்லாசப் பயணிகள் குறிகட்டுவான் துறையில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்களாம். அறைகளில் விரித்த புதுப் படுக்கை விரிப்புகளை மடித்து வைத்தேன். சஞ்சீவனுக்கு முகம் சரியில்லை. நெடுந்தீவில் தன் அப்பாவின் காணியில் விடுதி கட்டலாம் என்று ஜேர்மனியை விட்டு வந்து என்னைக் கலியாணம் செய்தவர். காற்று இப்படி வழி மறிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட்டபின், "வாரும், ஒரு படம் பாப்பம்" என்றார். ஜேர்மன் படம். சிறிய நகரம், எந்நேரமும் மழை. மின்சார வேலை செய்யும் ஒருவன் பஸ் தரிப்பில் தனியாக நிற்கும் பெண்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொல்கிறான். ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. வீட்டில் மனைவி ஹெல்கா. அவளைக் கொல்வதில்லை, அடிக்கிறான். அவள் அவனுடைய சட்டைகளை அயர்ன் பண்ணுகிறாள்.

எனக்கு ஜேர்மன் தெரியாது. படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்துப் போடலாமே என்றேன். "எழுத்து ஓடினா படம் பழுது. நான் சொல்லுறன், கேளும்." ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார். என் கை அவர் கைக்குள் இருந்தது. இப்படி அன்பாக இருந்து கனகாலம்.

பாதியில் நிறுத்தினார். மிச்சம் அடுத்த ஞாயிறு.

"நான் உப்பிடியான ஆளோ?"

"இல்லை."

"அவன் எத்தினை பேரை. நான் உம்மை மட்டும்தானே."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

இதை ஒளிக்காமல் கட்டிலில் இருந்தே எழுதுகிறேன். ஐந்து வயதில் நாட்டை விட்டுப் போனவர். தமிழ் கதைப்பார், வாசிக்கத் தெரியாது. கேட்டால் சமையல் குறிப்பு என்பேன்.

11 யூன்

காற்று ஓயவில்லை.

13 யூன், வியாழன்

மேசன் வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்தேன். அவ்வளவுதான்.

"என்ன சிரிப்பு அவனோட?"

நான் சிரிக்கேல்லை. சத்தியமாச் சிரிக்கேல்லை. அடுப்படிக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திப்போட்டுக் கழுத்தில பிடிச்சவர். அடிக்கிறவர்தான். ஆனா கழுத்தில பிடிச்சது இதுதான் முதல்தரம். கண் இருண்டு, காது ரெண்டும் இரைஞ்சு— பிறகு விட்டிட்டார். தண்ணி கொண்டுவந்து தந்தவர். அதே செம்பில.

14 யூன்

மாமி வீடியோ கோல் எடுத்தார். சஞ்சீவனின் அம்மா, ஜேர்மனியில் மாமாவோடு இருக்கிறவர், அன்னபூரணம் மாமி. கதைத்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "கழுத்தில என்ன?" என்றார். சஞ்சீவன் எனக்குப் பின்னால் நின்றார்.

"உடுப்புக் காயப்போடுற கொடி பட்டது மாமி."

முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "அவன் சின்னனிலயே கோவக்காரன். நீர்தான் பாத்து நடக்கவேணும்." பிறகு, இன்றைக்கு என்ன கறி என்று கேட்டார்.

16 யூன், ஞாயிறு

மிச்சப் படம்.

அவனுடைய வான் வண்டியில், சீற்றுக்கு அடியில், யாரோ ஒரு பெண்ணின் தோடு கிடக்கிறது. ஹெல்கா கண்டுவிடுகிறாள். பொலிஸுக்கு ஓடுகிறாள். சஞ்சீவன் என் காதோடு சொல்லிக்கொண்டிருந்தார்: "பொலிஸ்காரன் சொல்லுறான், வீட்டுச் சண்டையை வீட்டுக்குள்ள வைச்சிரும் எண்டு. புருசனுக்கு ஃபோன் பண்ணவும் போறானாம்." ஹெல்கா மழையில் திரும்பி நடக்கிறாள். வாசலில் அவன் நிற்கிறான். கதவு மூடுகிறது. திரை கறுப்பாகிறது. சஞ்சீவன் ரிமோட்டை அமத்தி டிவியை நிறுத்தினார்.

"முடிஞ்சுது. சாக்காட்டிப்போட்டான்."

"அவளையுமோ?"

"பின்னை? வாயை வைச்சுக்கொண்டு இருக்காட்டி உதுதான்."

என் கன்னத்தில் மெல்லத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனார். நான் புட்டுக்கு மா குழைத்தேன். தண்ணீர் கூடிவிட்டது. படம் பார்க்கவா கூப்பிட்டவர்? எனக்குச் சொல்லத்தானே கூப்பிட்டவர்.

18 யூன்

கழுத்தைத் திருப்ப ஏலாது.

22 யூன், சனி

காற்று கொஞ்சம் விட்டது. குளியலறைச் சாமான் வாங்க யாழ்ப்பாணம் போனார். பின்னேர லோஞ்சில்தான் வருவார். டிவியைத் துடைக்கப் போனேன். பென் டிரைவ் அப்படியே செருகிக் கிடந்தது.

கலியாணத்துக்கு முன்பு வேலணையில் வங்கியில் வேலை செய்தவள் நான். ஆங்கிலம் வாசிப்பேன், மெதுவாக. எழுத்தைப் போட்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

பொலிஸ்காரன் வீட்டுச் சண்டை என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கள், அவசரமில்லை" என்கிறான். ஃபோன் பண்ணுவதாக ஒரு பேச்சும் இல்லை. ஹெல்காதான் பயந்து எழும்பிப் போகிறாள். வாசல், கதவு, கறுப்புத் திரை. நான் நிறுத்தவில்லை. கறுப்புக்குப் பிறகும் படம் ஓடுகிறது! குசினி யன்னலால் குதித்து, வெறுங்காலோடு அதே பொலிஸுக்குத் திரும்பிப் போகிறாள். அதே கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். அவனைப் பிடிக்கும்போது வானுக்குள் ஒரு பெண் இருக்கிறாள், உயிரோடு. கடைசியில் ஹெல்கா ஏதோ ஒரு வீட்டில், ஒரு மேசையில், தனியாக இருந்து பாணில் பட்டர் பூசிச் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் முடிவு.

படத்தில் அவள் சாகவில்லை. அவளைக் கொன்றது சஞ்சீவன்.

சிரிப்பு வந்தது. பிறகு, எல்லாவற்றையும் இருந்தபடி விட்டுவிட்டுச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

23 யூன், ஞாயிறு

எல்லாவற்றையும் இருந்தபடி விடேல்லை. எழுத்தை நிப்பாட்ட மறந்துபோனன்.

காலமை வேறொரு படம் போட்டவர். கீழே இங்கிலீஷ் ஓடுது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது ஆர் போட்டது?"

"துடைக்கேக்க ரிமோட் அமத்துப்பட்டிருக்கும்."

"எந்தப் படத்துக்கு அமத்துப்பட்டது?"

பதில் சொல்ல விடேல்லை. அதே இடம், அதே கழுத்து. இந்தமுறை விடுறதுக்குக் கனநேரம் எடுத்தது. போனையும் அடையாள அட்டையையும் எடுத்துத் தன்ர அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போட்டார். விட்டது கோவம் தீர்ந்தோ, கை நொந்தோ? அடுத்தமுறை விடுவாரோ?

25 யூன், செவ்வாய்

பிலோமினம்மா கருவாடு கொண்டு வந்தார். பக்கத்து வளவு வீட்டுக்காரர், புருசன் கடலில் செத்தபிறகு தனியாகவே பிள்ளைகளை வளர்த்தவர். சஞ்சீவன் மேசன்மாரோடு பின்பக்கம் நின்றார். பிலோமினம்மா என் கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையைப் பார்த்தார். இந்த வெக்கைக்குள் யார் சால்வை போடுவார்கள்?

"வெள்ளிக்கிழமை நான் கருவாட்டோட யாழ்ப்பாணம் போறன் பிள்ளை. காத்து விட்டா காலமை லோஞ்ச் வரும். வாறதெண்டா வாரும்."

"அடையாள அட்டை அவரிட்ட."

"கருவாட்டுக்கும் லோஞ்சுக்கும் ஆரும் அட்டை கேக்கிறேல்லை."

கருவாட்டை வாங்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

27 யூன்

பின்னேரம் முழுக்கப் பனையோலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைகின்றன. அசையாமல் நில்லுங்கோ.

28 யூன், வெள்ளி. யாழ்ப்பாணம், கோசலாவின் அறை

எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நடந்ததை நானே நம்பமாட்டேன்.

காலையில் அவர் மேசன்மாருக்குச் சீமெந்து எடுத்துக் கொடுக்கப் பின்பக்கம் போனார். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து பிலோமினம்மாவின் வளவுக்குள் போனேன். ஓட்டோவில் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே மாவிலித்துறை வரைக்கும். லோஞ்சில் சனம் நிறைந்துவிட்டது. உள்ளே இருந்தேன். இன்னும் கயிறு கழட்டவில்லை. அந்த நேரம் மோட்டார் சைக்கிள் சத்தம். எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

துறையில் நின்று குனிந்து உள்ளே பார்த்தார். சிரித்த முகம்.

"கஜனி, இறங்கி வாரும். உமக்குச் சுகமில்லை."

பிறகு சனத்தைப் பார்த்து, "அவவுக்கு மண்டை கொஞ்சம் குழப்பம். மருந்து எடுக்கிறவ" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கால் தன் பாட்டில் எழும்பப் பார்த்தது. பழகின கால். பிலோமினம்மா என்னைப் பிடித்து இருத்தவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

கழுத்திலிருந்து சால்வையை எடுத்தேன். மடியில் வைத்தேன்.

"நான் வரேல்லை."

என் குரல்தானா? இவ்வளவு சத்தமாக வந்தது.

"இறங்கடி எண்டு சொல்லுறன்! இறங்கடி நாயே!"

அந்தக் குரலை இவ்வளவு நாளும் குசினிச் சுவர் மட்டும்தான் கேட்டிருக்கிறது. இன்றைக்கு லோஞ்ச் முழுக்கக் கேட்டது. முன்னால் இருந்த வயதான ஐயா ஒருவர் எழும்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பிலோமினம்மா கயிற்றுக்காரரைப் பார்த்து, "அவ வரேல்லையெண்டு சொல்லிப்போட்டா. கயிறைக் கழட்டும் தம்பி" என்றார்.

துறை விலகியது. அவர் சின்னதாகப் போகும்வரை பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். பார்க்க ஏலவில்லை. தலையை வெளியே நீட்டிக் கடலுக்குள் சத்தி எடுத்தேன்.

கோசலா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள். வங்கியில் பக்கத்து மேசையில் இருந்தவள். என் அண்ணா பிரவீனனுக்குக் கனடாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நல்ல இடம் எண்டுதானே கட்டித் தந்தனாங்கள்" என்றார். பிறகு அழுதார்.

1 யூலை

பொலிஸில் பெண்கள் பிரிவு. "கழுத்து" என்று சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த அக்கா பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எத்தினைதரம்?" முதலில் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

27 செப்டெம்பர்

அவர் என்னை நெருங்கக்கூடாது என்று பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. நீதிமன்றத்தில் அயர்ன் பண்ணின சட்டையோடு நின்றார். யார் அயர்ன் பண்ணினார்களோ?

16 பெப்ரவரி 2025, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட இருந்தபோது ஜேர்மனி நம்பர். எடுக்காமல் விடத்தான் பார்த்தேன். மாமி. என் நம்பரைப் பிலோமினம்மாவிடம் கெஞ்சி வாங்கினாராம்.

மூச்சு வாங்கிக்கொண்டு கதைத்தார். "பிள்ளை, வீடியோவில உம்மட கழுத்தைக் கண்ட அண்டைக்கு எனக்கு உடனை விளங்கினது."

"அப்ப ஏன் மாமி அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மாமா பக்கத்தில இருந்தவர்."

வாகனம் போகும் சத்தம் கேட்டது. வெளியிலா நிற்கிறார்?

"இப்ப எங்க நிக்கிறீங்கள்?"

"நிருஜாவின்ர வீட்டு வாசல்ல. காலமை மாமா எழும்ப முதல் வெளிக்கிட்டு வந்திட்டன். இஞ்ச பனி கொட்டுது பிள்ளை, நான் வீட்டுச் செருப்போட வந்திட்டன். மகள் எண்டாலும்... பெல் அடிக்கப் பயமாக் கிடக்கு. திரும்பிப் போகச் சொல்லுவாளோ?"

"அடியுங்கோ மாமி."

"போனை வைச்சிடாதையும்."

"வைக்கேல்லை. லைனில நிக்கிறன். அடியுங்கோ."

மணி அடித்தது. யாரோ படியால் இறங்கி வரும் சத்தம். கதவு.

"அம்மா?"